எரிந்த ஓரம் வைக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்

பழைய கடிதம், ராஜா காலத்து ஓலை, புதையல் வரைபடம் என்று எது வந்தாலும் ஓரம் தீய்ந்த மாதிரி வேண்டும் என்று கேட்பார்கள். வேலை கற்க வரும் பிள்ளைகள் அதைக் கணினியில் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். தொடக்கத்தில் நான் போன அதே தப்பு வழியில்தான் போகிறார்கள். பிரஷ் அளவு, ஷார்ட்கட் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம். பழகினாலும் போகாதவை கீழே.

படத்தையே இரேசரால் அழிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். படம் திருத்தும் மென்பொருளான ஜிம்பைத் திறந்ததும் கரடுமுரடான பிரஷ் ஒன்றை எடுத்து, புகைப்பட லேயரின் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களில் ஒன்று) ஓரத்தையே இரேசரால் அரித்துக்கொண்டு போவார்கள். திரையில் அழகாகத்தான் இருக்கும்.

ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்குப் பழைய குழுப் படம் ஒன்று வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஓரத்தை அழித்து, பழுப்பு தீட்டி, எல்லா லேயரையும் ஒன்றாக்கி, ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே சேமித்துவிட்டார். புரூஃப் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இடது ஓரத்தில் நின்ற வாட்ச்மேன் ஐயாவின் தோள் எங்கே?" அசல் படம் அதற்குள் உரியவர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது. மறுபடி வாங்கி வந்து முதலிலிருந்து செய்தோம். அச்சகத்தில் எங்கள் முறையும் தள்ளிப்போனது.

அழிப்பதற்குப் பதில் லேயர் மாஸ்க் போடுங்கள், அது லேயரின் மேல் போடும் மறைப்பு. அதில் கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். படத்தில் ஒரு பிக்சல்கூட அழியாது. ஆனால் மாஸ்கைப் படத்துக்கு மட்டும் போட்டால், பிறகு ஓரத்தை மாற்றும்போது தீட்டிய பழுப்பு வெட்ட வெளியில் நிற்கும். படத்தை லேயர் குரூப்பில் (பல லேயர்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) வைத்து, மாஸ்கைக் குரூப்புக்குப் போடுங்கள். 2018-இல் வந்த ஜிம்ப் 2.10 முதல் இது முடியும். ஓரத்தை வரைந்த பிறகு மாஸ்கிலிருந்து, எங்கே வேலை நடக்க வேண்டும் என்று குறிக்கும் செலக்‌ஷன் எடுத்து, அதைச் சுருக்கி, ஃபெதர் கொடுத்து (விளிம்பை மென்மையாக்கி), இன்வர்ட் செய்யுங்கள் (உள்ளே வெளியே தலைகீழாக்குங்கள்). குரூப்புக்குள் மல்டிப்ளை மோடில் (கீழே உள்ளதை அடர்த்தியாக்கும் கலப்பு முறை) புது லேயர் போட்டு அடர்பழுப்பை நிரப்புங்கள். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 படத்துக்கு 40 பிக்சல் சுருக்கம், 60 ஃபெதர் என்று நான் தொடங்குவேன். கரிக்கோட்டுக்கு இன்னொரு லேயரில் சுருக்கம் 6, ஃபெதர் 8. நாளை தோள் வேண்டுமென்றால் மாஸ்கைத் திருத்தி, இந்த இரண்டு லேயரை மட்டும் மறுபடி நிரப்பினால் போதும்.

சுற்றிலும் கறுப்பு

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு காகிதத் துண்டைக் கொளுத்தி, ஊதி அணைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு மெல்லிய கோடுதான், சில இடங்களில் உதிர்ந்து அதுவும் இருக்காது. அடுத்து கரும்பழுப்பு. அதற்கும் உள்ளே, டிகாக்‌ஷன் சிந்தியது போல மங்கிக்கொண்டே போகும் மஞ்சள் பழுப்பு. தீ தொடும் முன்பே சூடு காகிதத்தின் நிறத்தை மாற்றிவிடுவதால் வருவது அது. அகலம் எங்குமே ஒன்றாக இருக்காது. எனவே மேலே சொன்ன இரண்டு லேயரையும் நிரப்பியபடியே விடாதீர்கள், அவற்றுக்கும் மாஸ்க் போட்டு அங்கங்கே கரையுங்கள். மென்மையான பிரஷ்ஷால் நாலு பக்கமும் கறுப்பை ஓட்டினால் ஓரம் இருண்ட வெறும் விக்னெட்தான் கிடைக்கும்.

"இன்னர் குளோ வேலை செய்யலை"

ஓரத்திலிருந்து உள்நோக்கி நிறம் பரப்பும் எஃபெக்ட்தான் இன்னர் குளோ. ஃபோட்டோஷாப்பில், நாம் மாற்றாதவரை, அதன் பிளெண்ட் மோட் (கலப்பு முறை) வெளிறச் செய்யும் ஸ்கிரீனாக இருக்கும், அதில் அடர்நிறம் தெரியாது. மல்டிப்ளைக்கு மாற்றுங்கள்.

சின்னதாகச் செய்து பெரிதாக்குவது

300 டிபிஐ ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல். முதலிலேயே அந்த அளவில் தொடங்குங்கள். பெரிதாக்கினால் முதலில் கெடுவது கரிக்கோடுதான்.

ஜேபெக்

அதில் சேமித்தால் ஓரத்தின் டிரான்ஸ்பரன்சி (பின்னால் உள்ளது தெரிவது) தங்காது. பிஎன்ஜியில் சேமியுங்கள்.

தீப்பொறி, புகை

வேண்டாம்.

நிழல்

குரூப்புக்குள் போட்டால் மாஸ்க் அதையும் வெட்டிவிடும். குரூப்புக்குக் கீழே தனி லேயராக வையுங்கள்.