கேட் சோபினின் ‘ஒரு மணிநேரக் கதை’யை மூன்று முறை வாசிப்பது எப்படி?

1894-இல் அமெரிக்காவில் ‘வோக்’ இதழில் வெளியான இந்தக் கதை ஏறக்குறைய ஆயிரம் சொற்கள்தான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனாலேயே பலர் முடிவிலுள்ள திருப்பத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

முதல் வாசிப்புக்குப் பென்சில் வேண்டாம். நடப்பது இவ்வளவே: கணவர் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாக இதயக் கோளாறுள்ள லூயிஸ் மல்லார்டுக்குச் செய்தி வருகிறது. அழுகிறாள், அறைக்குள் தனியே போகிறாள், வெளியே வருகிறாள். கணவர் உயிரோடு வீட்டுக்குள் நுழைகிறார். அவள் இறந்துபோகிறாள்.

இரண்டாவது வாசிப்பில் சன்னலோரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அவள் காண்பதையும் கேட்பதையும் வரிசையாக எழுதுங்கள்: துளிர்க்கும் மர உச்சிகள், மழையின் மணம், தெருவில் கூவி விற்பவனின் குரல், எங்கிருந்தோ ஒரு பாட்டு, குருவிகள், மேகத்திடையே நீலத் திட்டுகள். எல்லாமே வீட்டுக்கு வெளியே இருப்பவை; ஒன்றில்கூடத் துக்கம் இல்லை. இதை ‘இயற்கை வர்ணனை’ என்று ஒரு சொல்லில் முடித்தால் கதை கைநழுவிவிடும்.

அடுத்து வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ஏதோ ஒன்று அவளை நெருங்குகிறது. அதை மனத்தால் தள்ளிவிடப் பார்க்கிறாள், முடியவில்லை. அதன்பிறகுதான் ‘விடுதலை’ என்ற சொல் வாயில் வருகிறது. அவள் அதைத் தேடிப் போகவில்லை. இந்தப் படியைத் தவறவிடுகிறவர்கள்தான் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதுகிறார்கள்.

இன்னொரு தவறு இதைவிட அதிகம் நடக்கிறது: கணவரைக் கொடுமைக்காரர் ஆக்குவது. கதையில் அதற்கு ஆதாரமே இல்லை. அன்பைத் தவிர வேறெதையும் காட்டாத முகம் என்றே அவரை அவள் நினைத்துப் பார்க்கிறாள். சக மனிதர்மீது தங்கள் விருப்பத்தைத் திணிக்கத் தமக்கு உரிமை உண்டென ஆண்களும் பெண்களும் நம்புவதைத்தான் கதை குறிவைக்கிறது. அன்பான நோக்கத்தோடு செய்தாலும் அது குற்றமே என்கிறது. கணவர் கெட்டவரானால் இது ஒரு வீட்டின் பிரச்சினை. நல்லவராக இருப்பதால்தான் கேள்வி திருமணத்தின் மீதே விழுகிறது.

மூன்றாவது முறை பெயர்களைக் கவனியுங்கள். ‘திருமதி மல்லார்ட்’ என்றே தொடங்கும் கதையில், ‘லூயிஸ்’ என்ற பெயர் மூடிய கதவுக்கு வெளியிலிருந்து சகோதரி அழைக்கும்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறது. பிறகு தாளை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் வீட்டாருக்குத் தெரிந்ததையும் மறுபுறம் நமக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள். மகிழ்ச்சியால் இறந்தாள் என்று மருத்துவர்கள் சொல்வது ஏன் இவ்வளவு கசக்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரியும். ஆனால் கைக்கு வந்த விடுதலை பறிபோனதால்தான் இறந்தாள் என்று அடித்துச் சொல்லாதீர்கள்; கதை அதைச் சொல்லவில்லை, நம்மை ஊகிக்க விடுகிறது.

ஆசிரியரின் தந்தை 1855-இல் ரயில் விபத்தில் இறந்தவர். கணவர் 1882-இல் காலமானார். கதையைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரையில் ஒரு வரிக்குமேல் இதற்கு இடம் தராதீர்கள், ஆதாரமாகவும் காட்டாதீர்கள்.

பயிற்சிக்கு 1892-இல் வந்த சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ பொருத்தமானது. அங்கேயும் கணவர் அக்கறையுள்ளவர், அதோடு மருத்துவர். ஆனால் மனைவியே கதையைச் சொல்வதால் இரண்டாகப் பிரித்த அந்தத் தாள் அப்படியே உதவாது. அவள் எதை எழுதுகிறாள், எதை எழுதாமல் மறைக்கிறாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.