கிரீட் தீவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், நண்பர் வட்டத்தில் யாராவது ஒருவர் கிரீட் தீவுக்கு ஒரு பயணத் திட்டம் போட்டு, "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க அண்ணா" என்று அனுப்பிவிடுவார். திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழு நாள், படத்தில் பார்த்த ஆறு கடற்கரை, நடுவே ஒரு நாள் பக்கத்துச் சந்தோரினி தீவு, கூடவே மூன்று வயதுக் குழந்தையும் முழங்கால் வலியோடு பாட்டியும். ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் போட்டேன் என்பதால் சிரிக்கவும் முடியாது. சன்ஸ்கிரீன் பூசுங்கள், தொப்பி எடுத்துப் போங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். விடுமுறையையும் பணத்தையும் சேர்த்து விழுங்குகிற தவறுகள் வேறு. அவை பெரும்பாலும் கிளம்புவதற்கு மாதக்கணக்கில் முன்பே, வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி செய்யப்படுகின்றன.

மலிவான டிக்கெட்டை முதலில் பிடிப்பது

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே பேசவேண்டும், ஏனென்றால் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

கிரீட் கிரேக்கத்திலேயே பெரிய தீவு. கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் 12 கிலோமீட்டர்தான், சில இடங்களில் 60. நடுவில் முதுகெலும்பு மாதிரி மலை. மேற்கே வெள்ளை மலைகள், நடுத்தீவில் பிசிலோரிட்டிஸ், இரண்டுமே 2,450 மீட்டரைத் தாண்டும். வடக்குக் கரையை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது, அதைவிட்டு விலகித் தெற்கே திரும்பினால் மலைப்பாதைதான். வெளிநாட்டுப் பயணிகள் வந்து இறங்கும் பெரிய விமான நிலையங்கள் இரண்டு: நடுவில் ஹெராக்லியோன், மேற்கில் ஹானியா. இரண்டுக்கும் இடையே காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

இனி நம் ஆட்கள் செய்வதைப் பாருங்கள். ஹெராக்லியோனுக்கு டிக்கெட் மலிவாக வருகிறது, உடனே எடுத்துவிடுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து கிழக்கே அரை மணி நேரத்தில் ஹெர்சோனிசோஸ், அங்கே நீச்சல் குளம், மூன்று வேளை பஃபே எல்லாம் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் ஓட்டல், முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி, ஆனால் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. அதையும் கட்டியாயிற்று. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கிரீட்டில் என்னென்ன கடற்கரை பார்க்கலாம் என்று தேடவே ஆரம்பிக்கிறார்கள். எலஃபோனிசி, பாலோஸ், ஃபலாசார்னா என்று வரிசையாகப் படங்கள் வரும். மூன்றும் தீவின் மேற்கு ஓரம். பனைமரக் காடு உள்ள வாயி கடற்கரையும் பட்டியலில் சேரும், அது கிழக்கு ஓரம்.

தெரிந்த குடும்பம் ஒன்று போன வருடம் இதை அப்படியே செய்தது. ஹெர்சோனிசோசிலிருந்து எலஃபோனிசிக்கு ஒரு வழிப் பயணமே நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. காலை எட்டு மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஹானியா தாண்டும்வரை சிக்கலில்லை. அப்புறம் தெற்கே திரும்பி தோப்போலியா பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் வளைவு மேல் வளைவு. அங்கே ஒரு சுரங்கப்பாதை உண்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும், சிக்னலுக்குக் காத்திருக்கவேண்டும். காத்திருந்த இடத்தில் சின்னவன் வாந்தி எடுத்தான், அவனைப் பார்த்து அக்காவும். ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வண்டி நிறுத்த இடமில்லை, வெகுதூரம் வெயிலில் நடை. அந்தக் கடற்கரையின் அழகே முழங்கால் ஆழத்தில் குழந்தைகள் தீவுத் திட்டுவரை நடந்து போகலாம் என்பதுதான். அதைச் சரியாக அனுபவிக்கும் முன்பே திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஓட்டலுக்குத் திரும்பியபோது பஃபே மூடிவிட்டார்கள். ஏற்கனவே காசு கட்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு வழியில் எங்கோ சாண்ட்விச் வாங்கித் தின்றிருக்கிறார்கள். மறுநாள் முழுக்கப் பாட்டி களைப்பில் படுக்கையை விட்டு எழவே இல்லை. அதோடு விடவில்லை, கடைசி மூன்று இரவுக்கு ஹானியாவில் இன்னொரு அறை எடுத்தார்கள், ஆகஸ்ட் விலையில். முதல் ஓட்டல் பணம் திரும்பவில்லை. ஆக ஒரே இரவுக்கு இரண்டு வாடகை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் நட்பு கெடும்.

எனக்கு எரிச்சல் வருவது தூரத்தைத் தப்பாகக் கணக்கிட்டதால்கூட இல்லை. வரைபடம் எல்லார் கையிலும் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை, அதைப் பணம் கட்டுவதற்கு முன் செய்ய மாட்டேன் என்கிறார்களே, அதுதான். "தீவுதானே, எங்க தங்கினா என்ன" என்று ஒரு பதில் வேறு.

வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் கட்டாயம் பார்க்கவேண்டிய கடற்கரை இரண்டு அல்லது மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். வரைபடம் சொல்லும் நேரத்தோடு சின்னக் குழந்தை இருந்தால் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாந்தியும் சிறுநீரும் சாலையில் நிற்கும் ஆடும் அந்தக் கணக்கில் கிடையாது. மேற்கு ஓரம்தான் ஆசை என்றால் ஹானியாவுக்கும் கிஸ்ஸமோசுக்கும் நடுவில் தங்குங்கள், விமானமும் ஹானியாவுக்கே எடுங்கள். கிழக்கு என்றால் ஹெராக்லியோனில் இறங்கி எலூந்தா, ஆகியோஸ் நிக்கோலாவோஸ் பக்கம் போங்கள். அங்கிருந்து பழைய தொழுநோயாளர் குடியிருப்பு இருந்த ஸ்பினலோங்கா தீவுக்குப் படகில் போய்வரலாம், வாயியும் ஒரு நாள் பயணத்துக்குள் வரும். இரண்டு ஓரமும் வேண்டுமென்றால் ஏழு நாள் போதாது. பத்து நாளுக்கு மேல் இருந்தால் இரண்டு ஊரில் தங்கி, ஒரு விமான நிலையத்தில் இறங்கி மற்றதிலிருந்து கிளம்புங்கள். காரை வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நள்ளிரவில் இறங்கும் விமானம் எடுத்துவிட்டு, தூங்குகிற குழந்தைகளோடு தெரியாத மலைச்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிற வீரம் யாருக்கும் வேண்டாம்.

காற்றைக் கேட்காமல் கரையைத் தேர்வது

படத்தில் கடல் எப்போதும் தட்டையாகத்தான் இருக்கும், ஏனென்றால் காற்றடிக்கிற நாளில் யாரும் விளம்பரப் படம் எடுப்பதில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று வீசும். வானம் பளிச்சென்று நீலமாகவே இருக்கும், ஆனால் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். கிரீட்டின் பெரிய மணற்கரைகள் பலவும் வடக்கு பார்த்தவை, அலை நேராக வந்து மோதும். ஜோர்ஜியூபொலிக்கும் ரெத்திம்னோவுக்கும் இடையில் நீளும் மணற்கரை பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அலை எழும் நாளில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கே உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. "ஓரமா நிக்கிறோம்" என்பதும் இறங்குவதுதான்.

அப்படியானால் தெற்குக் கரை போகலாமே என்பார்கள். அங்கே கடல் தட்டையாக இருக்கும் நாளிலும் மலையைத் தாண்டி இறங்கும் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், காற்றடைத்த மிதவையில் இருக்கும் பிள்ளையைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். எனக்கு இதுதான் அலையைவிட பயம். அந்த மிதவைகளையும் ஊதுபடகுகளையும் காற்றுள்ள நாளில் அறையிலேயே வைத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்குச் சரியானவை ஒதுங்கிய வளைகுடாக்கள். ஹானியா பக்கத்தில் கலீவ்ஸ், அல்மிரிடா, மராத்தி. ஹெராக்லியோன் பக்கத்தில் ஆகியா பெலாகியா. கிழக்கில் எலூந்தாவின் உள்கடல். தென்மேற்கில் பலேயோஹோரா இன்னும் வசதி: ஊர் ஒரு முனையில் உட்கார்ந்திருப்பதால் மேற்கே மணற்கரை, கிழக்கே கூழாங்கல் கரை, காற்று எந்தப் பக்கமோ அதைப் பார்த்து எதிர்ப்பக்கம் போய்விடலாம். ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாலோசுக்கு வாடகைக் காரில் போவது

பாலோசுக்குப் போகும் கடைசி எட்டு கிலோமீட்டரோ என்னவோ கரடுமுரடான மண்சாலை. உங்கள் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்று கவுண்டரில் சிரித்துக்கொண்டே சொன்னவர் டயரையும் வண்டியின் அடிப்பாகத்தையும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். தார்ச்சாலையை விட்டு இறங்கினாலே பாதுகாப்பு கிடையாது என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருப்பதும் சகஜம். சரி, வண்டி பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். நிறுத்துமிடம் குன்றின் மேலே, கடற்கரை கீழே. இறங்கும்போது எல்லோரும் படம் எடுத்துக்கொண்டே இறங்குவார்கள். நாலு மணி வெயிலில் தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவதைப் பற்றி எந்தப் படத்திலும் இல்லை.

கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து படகு போகிறது, கிராம்வூசா தீவிலும் நிறுத்தும். கூட்டம் இருக்கும், ஆனாலும் அதில் போங்கள். காற்று பலமாக இருந்தால் படகு போகாது, ஆகவே விடுமுறையின் கடைசி நாளுக்கு இதைத் தள்ளிவைக்காதீர்கள்.

ஒரே நாளில் சந்தோரினி

குழந்தைகளோடு வேண்டாம்.

மே மாதக் கடலை நம்புவது

வெயில் இருக்கும், பூ இருக்கும், விலை குறைவு, எல்லாம் சரி. கடல் மட்டும் 19, 20 டிகிரியில் நிற்கும், குழந்தைகளுக்கு உதடு நீலமாகிவிடும். பள்ளி விடுமுறை கட்டிப்போடாத வயதென்றால் செப்டம்பர் கடைசிதான் என் தேர்வு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 24 டிகிரிக்குக் குறையாது, மெல்தெமியும் அடங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 15

மாதாவின் பெருவிழா. கிரேக்க நாடே அந்த வாரம் விடுமுறையில் இருக்கும், பாதிப்பேர் தீவுகளில். அந்த வாரத்தைத் தவிருங்கள். முடியாதென்றால் காரை வசந்த காலத்திலேயே பதிவு செய்யுங்கள், அதுவும் குழந்தை இருக்கை உண்டென்று எழுத்தில் வாங்கிக்கொண்டு.

விசாவுக்கு முன்பே பணம் கட்டுவது

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். லண்டனில் வேலை பார்க்கிறேன், அங்கே தங்கும் அனுமதி இருக்கிறது என்பது இங்கே செல்லாது. பிள்ளைக்குத் தனி விண்ணப்பம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்பு என்பது விண்ணப்பிக்கக் கடைசி வரம்பு, அதை நம்பி உட்காராதீர்கள், கோடை நெருங்கினால் விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்குவதே பெரும்பாடு. கையில் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தில் கார் எடுப்பவர்கள் சர்வதேச அனுமதியையும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

காலணி

கூழாங்கல் கரைக்கு ரப்பர் காலணி. பாட்டிக்கும்.

குக்கர் தூக்கிக்கொண்டு போவது

சைவம் கிடைக்காது என்று பயந்து பெட்டியில் பாதியை அரிசி, பருப்பு, ஊறுகாயால் நிரப்புகிறவர்கள் உண்டு. ஊறுகாய் சரி. கிரீட்டில் சைவக்காரர் பட்டினி கிடக்க வழியில்லை. கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபைக்கு நோன்பு நாள்கள் அதிகம், ஆகஸ்ட் முதல் இரண்டு வாரமும் நோன்புதான், அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அங்கே பழங்கால வழக்கம். உணவகத்தில் "நிஸ்திசிமோ" என்று கேட்டால் போதும், நோன்புச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் நோன்பில் கணவாயும் இறாலும் தடையில்லை என்பதால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும். ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், வெண்டைக்காய், பெரிய வெள்ளை மொச்சை, வேகவைத்த கீரை, மஞ்சள் பருப்பு மசியல் எல்லாம் கிடைக்கும். அந்த மசியலைப் பாட்டியிடம் கொடுங்கள், கேள்வி கேட்காமல் சாப்பிடுவார். டாக்கோஸ் என்ற காய்ந்த ரொட்டியில் தக்காளியோடு பாலாடைக்கட்டியும் வரும். தக்காளிக்குள் சோறு அடைத்த கெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறி கலப்பார்கள், அதை மட்டும் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.