தோட்டத்துப் பாதைக்கு எவ்வளவு காற்று?

கார்பட் ரோடு முடிந்து தோட்டத்து மண் பாதை தொடங்கும் இடத்திலேயே டயரில் காற்றைக் குறைத்துவிடுங்கள். 200 சிசி பைக், டியூப் டயர் என்றால் முன்னுக்கு 18, பின்னுக்கு 20 பிஎஸ்ஐ. ஈரக் களியில் பிடி கூடும். நக்கிள்ஸ் மலைப் பக்கத்துக் கல் பாதைக்கு 22 வையுங்கள், இல்லாவிட்டால் ரிம் கல்லில் இடித்து டியூப்பில் இரட்டை ஓட்டை விழும். 15க்குக் கீழே வேண்டவே வேண்டாம்: டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லொக் இல்லாத சில்லில் டயர் ரிம்மின் மேலேயே வழுக்கி, டியூப்பையும் இழுத்து வால்வை அடியோடு பிய்த்துவிடும். பெட்ச் ஒட்டிச் சரிவராது. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கம் ஏற்றிவிட்டால், வால்வு சரிவது முன்கூட்டியே கண்ணில் படும். கூட்டமாகப் போனால் பம்ப் கடைசியாக வருபவரின் பையில் இருக்கட்டும். முன்னால் போனவர் திரும்பி ஏறி வருவதற்குள் மழை பிடித்துவிடும்!