தத்துவ ஆய்விதழுக்கு எந்த வகைக் கட்டுரையை அனுப்புவது?

தத்துவ ஆய்விதழுக்கு எழுத உட்காருமுன், கையிலிருக்கும் வாதம் முழுக் கட்டுரைக்கு உரியதா, குறுங்கட்டுரைக்கு உரியதா, மறுப்புரைக்கு உரியதா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வாதம் எதை நிலைநாட்ட முனைகிறது என்பதே இதற்கு அளவுகோல். பக்கக் கணக்கு தானாகப் பின்னால் வரும்.

வழக்கிலுள்ள ஒரு கொள்கையின் ஓட்டையைக் காட்டுவது மட்டுமே நோக்கமென்றால் குறுங்கட்டுரை போதும். 1933இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘அனாலிசிஸ்’ இதழ் இவ்வகைக்கே பெயர்பெற்றது; அதன் சொல் வரம்பு 4,000. எட்மண்ட் கெட்டியர் 1963இல் அவ்விதழில் எழுதிய மூன்றே பக்கங்கள், தக்க நியாயமுள்ள மெய்யான நம்பிக்கையே அறிவு என்ற வரையறையை இரண்டு எடுத்துக்காட்டுகளால் ஆட்டங்காண வைத்தன. மாற்று வரையறை எதையும் அவர் தரவில்லை. தர வேண்டிய கட்டாயமும் இல்லை. இத்தகைய கட்டுரைக்கு நீண்ட வரலாற்று முன்னுரை வெறும் சுமை. எந்தக் கூற்றை மறுக்கிறோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

மறுப்பிலிருந்து சொந்தக் கொள்கை ஒன்று கிளைக்குமானால் அது முழுக் கட்டுரைக்கு உரிய பொருளாகிவிடுகிறது. ‘பிரான்சின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர்’ என்ற வாக்கியம் பொய் என்பது, 1905இல் ‘மைண்ட்’ இதழில் பெர்ட்ரண்ட் ரசல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. 1950இல் அதே இதழில் அதை மறுத்த ஸ்ட்ராசன், அப்படி ஓர் அரசரே இல்லாதபோது மெய்யா பொய்யா என்ற கேள்வி எழாது என்று சொன்னதோடு நிற்காமல், வாக்கியம் வேறு, ஒருவர் அதைப் பயன்படுத்துவது வேறு என்ற பாகுபாட்டையும் விரிவாக நிறுவினார். அதற்கு 1957இல் ரசல் அளித்த பதிலோ ஐந்து பக்கங்களில் முடிந்துவிட்டது. அதுவே மறுப்புரையின் அளவு.

மறுப்புரையில் எதிர்த்தரப்பின் வாதத்தை, அத்தரப்பினரே ஒப்புக்கொள்ளும் வலுவான வடிவில் முதலில் எடுத்துரைக்க வேண்டும். பரபக்கம் (பிறர் கொள்கை) கூறிய பின்னரே சுபக்கம் (தம் கொள்கை) நிறுவும் சைவ சித்தாந்த முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

நூல் மதிப்புரைகளைப் பல இதழ்கள் தாமே கேட்டுப் பெறுகின்றன. ஆகவே எழுதத் தொடங்குமுன் ஆசிரியர் குழுவிடம் கேட்டுவிடுவது நல்லது.

பெயர் மறைத்து மதிப்பிடும் இதழாயின், ‘நான் முன்னர்க் காட்டியபடி’ போன்ற தொடர்களையும் நன்றியுரையையும் நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது கூடவே கூடாது.