கணினிக்குள் சத்தமா? கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியில் ஒருநாள் இரவு 'கிணிங்' என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடம் அமைதி. மறுபடி 'கிணிங்'. தயாராக வாங்கிய கணினியென்றால் விற்றவரிடமே தூக்கிக்கொண்டு போகலாம். சொந்தமாகச் சேர்த்த கணினிக்கு மெக்கானிக்கும் நாம்தான், பெரும்பாலும் குற்றவாளியும் நாம்தான். அன்றைக்கு எனக்கு அவ்வளவு தெளிவு இல்லை. ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது என்று நானே தீர்ப்பு எழுதி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். நான்காம் நாள் இரவு, அதே 'கிணிங்'.

அந்த அசட்டுத்தனத்துக்குப் பிறகு நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் திருப்புளியைத் தொடாதீர்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, சத்தம் எப்போது வருகிறது என்று இரண்டு நாள் எழுதுங்கள். இயக்கியவுடன் மட்டும் வந்து அடங்குகிறதா? சும்மா இருக்கும்போதா, விளையாடும்போதா, கோப்புகளை நகலெடுக்கும்போதா? இடத்தைக் காது தப்பாகச் சொல்லும். கேபினட் என்பது மெல்லிய தகரப் பெட்டி. ஒரு மூலையில் பிறந்த அதிர்வு எதிர்மூலையில் ஒலிக்கும். நேரத்தில் அந்த ஏமாற்று இல்லை.

அடுத்து, கணினியை இயக்கியதும் டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் திரைக்கு (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் அங்கேயே பத்து நிமிடம் நில்லுங்கள். விண்டோஸ் தொடங்காததால் ஹார்டு டிஸ்க்குக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை அநேகமாக இல்லை. சத்தம் அங்கேயும் கேட்டால் ஃபேன், நீர்க் குளிரூட்டி இருந்தால் அதன் பம்ப், பவர் சப்ளை ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். ஃபேன் வேகத்தை மாற்றும் பக்கம் பெரும்பாலான மதர்போர்டுகளில் உண்டு. ஒவ்வொன்றாக வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். எந்த ஃபேனோடு சத்தமும் ஏறி இறங்குகிறதோ அதுதான் ஆள்.

இப்போது பக்கப் பலகையைக் கழற்றலாம். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுத் திறங்கள். பலகை இல்லாமல் இயக்கும்போதே சத்தம் காணாமல் போனால் சந்தோஷப்படுங்கள். தளர்ந்த பலகைதான் அதிர்ந்திருக்கிறது. போகவில்லையென்றால், நீண்ட தலைமுடி இருந்தால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஃபேனின் நடுவிலிருக்கும் வட்டத்தையும் விரல் நுனியால் மெதுவாக அழுத்தி இரண்டு நொடி நிறுத்துங்கள். இறக்கையைத் தொடவே கூடாது. பவர் சப்ளையின் ஃபேனை மட்டும் இப்படிச் சோதிக்காதீர்கள். கம்பிவலைக்குள் விரலோ குச்சியோ போகக் கூடாது. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் சுற்றாமல் நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சூடு ஐம்பது, அறுபது டிகிரியை எட்டும்வரை ஃபேனை நிறுத்தியே வைக்கும் கார்டுகள் இன்று ஏராளம்.

ஃபேன் சத்தங்களில் ரகங்கள் உண்டு. சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டை செருகி ஓட்டியிருப்பீர்களே, அந்தப் 'படபட' கேட்டால் ஏதோ ஒரு கேபிள் இறக்கையில் உரசுகிறது. கேபிளைக் கட்ட நாமே போட்ட பிளாஸ்டிக் பட்டையின் வாலாகவும் இருக்கலாம்; அதை ஒட்ட நறுக்குங்கள். இயக்கியவுடன் 'கரகர' என்று அரைத்து, சில நிமிடத்தில் அடங்கினால் பேரிங் தேய்கிறது. ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவோர் உண்டு. நானும் விட்டிருக்கிறேன்; சில வாரத்தில் பழைய கதைதான். இப்போதெல்லாம் 120 மில்லிமீட்டரா 140-ஆ என்று அளந்து பார்த்துப் புதிதாக மாற்றிவிடுகிறேன். மூச்சு வாங்குவதுபோல் வேகம் ஏறி ஏறி இறங்கினால் ஃபேன்மீது தப்பில்லை. செயலியின் சூடு நொடிக்கு நொடி குதிக்க, ஃபேன் அதன் பின்னாலேயே ஓடுகிறது. வேகம் மாறுவதற்கான தாமதத்தை பயாஸில் சில நொடிகள் கூட்டினால் அடங்கிவிடும். எந்நேரமும் முழு வேகத்தில் அலறினால், மூன்று முள் ஃபேனை மாட்டிவிட்டு, பயாஸில் அமைப்பை நான்கு முள் ஃபேனுக்கான பி.டபிள்யூ.எம். என்றே விட்டிருப்பீர்கள். மின்னழுத்தத்தால் வேகத்தை மாற்றும் டி.சி. என்று மாற்றுங்கள். சொந்தமாகச் சேர்ப்பவர்களுக்கே உரிய பிழை இது.

ஹார்டு டிஸ்க்கின் உறுமல் தனி. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. கேபினட்டின் தகரம் அதோடு சேர்ந்து பாடும். உள்ளங்கையால் கேபினட்டை அழுத்துங்கள். உறுமல் நின்றால் திருகாணிகளை இறுக்குங்கள், ரப்பர் வளையம் இருந்தால் போடுங்கள். இரண்டு டிஸ்க்குகள் இருந்தால் வேகத்தில் இருக்கும் மயிரிழை வித்தியாசத்தால் உறுமல் அலைபோலப் பெருகித் தேயும், அது நோயல்ல. ஆனால் சீரான இடைவெளியில் 'டக்… டக்… டக்' என்று தட்டி, டிஸ்க்கே திரையிலிருந்து மறைகிறது என்றால் சோதனையெல்லாம் வேண்டாம். முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள், வேறு எதையும் அதற்குப் பிறகு பாருங்கள். அவசரமில்லாத நிலையில், டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், கெட்ட பகுதிகளைச் சொல்லும் 5, 197, 198 எண் வரிகளின் மூல மதிப்பு (raw value) பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கொசு காதருகே பாடுவதுபோல் மெல்லிய கீச்சொலி, அதுவும் விளையாட்டின் முகப்புத் திரையில் உச்சம் என்றால் அது கிராபிக்ஸ் கார்டின் மின்சுருள்கள். மாறும் மின்னோட்டத்தில் சுருள் நுண்ணியதாக அதிர்கிறது. நொடிக்கு அறுபது ஃபிரேம் (திரையில் வரையும் படம்) என்று வரம்பு வையுங்கள். சுருதி மாறினால் ஐயமே இல்லை. கேடு எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும் நிஜம்.

நீர்க் குளிரூட்டியில் 'களகள' என்றால் குழாய்க்குள் காற்று. காற்று உயரமான இடத்தில் போய்த் தங்கும். அந்த இடம் பம்பாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரின் (நீரின் சூட்டை வெளியேற்றும் பலகை) மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டுங்கள். பவர் சப்ளையில் 'பட் பட்' என்ற வெடிப்பும் கருகிய வாடையும் வந்தால் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். அதன் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். இயக்கியதும் 'பீப்' ஒலிகள் வந்தால் அவற்றை எண்ணி, என்ன பொருள் என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். ஹெட்போனில் மட்டும் இரைச்சல் என்றால் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்தது.

என் 'கிணிங்'? தாளில் எழுதியபோதுதான் பிடிபட்டது: பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் வந்திருக்கிறது, பழைய டிஸ்க்கிலும் புதிய டிஸ்க்கிலும். இரண்டு டிஸ்க்குக்கும் பொது அந்தத் தகரக் கூடுதான். எல்லாவற்றையும் கழற்றி, வெறும் கேபினட்டைக் கவிழ்த்துக் குலுக்கினேன். கூட்டின் அடிமடிப்பிலிருந்து ஒரு திருகாணி விழுந்தது. மதர்போர்டை மாட்டிய அன்று கையிலிருந்து நழுவி, கட்டிலுக்கடியில் உருண்டிருக்கும் என்று தேடாமல் விட்ட அதே திருகாணி. நல்லவேளை, அது மதர்போர்டின்மேல் போய்ப் படுக்கவில்லை. படுத்திருந்தால் ஷார்ட் சர்க்யூட்டில் முடிந்திருக்கும். அப்போதிருந்து மூடுவதற்கு முன் திருகாணிகளை எண்ணுகிறேன். பழைய ஹார்டு டிஸ்க் காப்புப்பிரதிகளைச் சுமந்துகொண்டு இன்றும் ஓடுகிறது. 197-ஆம் வரியில் பூஜ்யம்.