பழைய பேஸ்பால் கார்டு சேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: கார்டை எப்படிப் பாக்கணும், விலை எப்படிப் போடணும்

பழைய பேஸ்பால் கார்டு, அதாவது பேஸ்பால் ப்ளேயர் படம் போட்ட சின்ன அட்டை, ஒண்ணு கைக்கு வந்த உடனே எல்லாரும் செய்யுற முதல் காரியம், ஃபோனை எடுத்து ப்ளேயர் பேரைப் போட்டு விலை தேடுறதுதான். அங்க ஒருத்தர் 5,000 டாலர்னு போட்டிருப்பார், அதுக்குக் கீழயே இன்னொருத்தர் 12 டாலர்னு போட்டிருப்பார், பாக்க ரெண்டும் ஒரே கார்டு மாதிரிதான் தெரியும், மண்டை காஞ்சு போயிடும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இந்த அமெரிக்க ஊருக்கு வந்து எட்டு வருஷமா சேக்குறேன், அதுல கத்துக்கிட்டது என்னன்னா விலையைத் தேடுறதுக்கு முன்னாடி கார்டைப் பாக்கத் தெரியணும், அது தெரிஞ்சிட்டா விலை தன்னால வந்துடும். அதனால இந்த விளக்கத்துல விலையை அஞ்சாவது படியிலதான் வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி தாண்டிப் போயிடாதீங்க.

படி 1: எந்தக் காலத்துக் கார்டு?

ஆரம்பத்துல இந்தக் கார்டெல்லாம் சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வந்தது. பாக்கெட் நசுங்காம இருக்க ஒரு அட்டை வேணும், அந்த அட்டையில ஒரு ப்ளேயர் படத்தைப் போட்டுட்டா ஆளுங்க அதே பிராண்டைத் திரும்பத் திரும்ப வாங்குவாங்க. அந்தக் காலத்துல ரொம்பப் பேர் போன செட், அதாவது ஒண்ணாச் சேந்து வந்த கார்டு வரிசை, டி206, 1909-ல இருந்து 1911 வரைக்கும் வந்தது. இந்த டி206-ங்கற பேரை வச்சது சிகரெட் கம்பெனி இல்ல, ஜெஃபர்சன் பர்டிக்னு ஒரு சேகரிப்பாளர். அமெரிக்காவுல வந்த கார்டையெல்லாம் வகை பிரிச்சு நம்பர் போட்டு ஒரு கேட்டலாகே எழுதினார், தன்னோட மொத்த சேகரிப்பையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் குடுத்துட்டார், அதுல 30,000-க்கு மேல பேஸ்பால் கார்டு மட்டுமே இருக்கு. இன்னிக்கும் நாம எல்லாரும் அவர் வச்ச நம்பரைத்தான் சொல்லிட்டிருக்கோம், எனக்கு இதை நினைச்சாலே சந்தோஷமா இருக்கும்.

அப்புறம் 1930-கள்ல பபிள்கம் கூட வர ஆரம்பிச்சது, கவுடி கம்பெனியோட 1933 செட் அதுல முக்கியம், 240 கார்டு, அதுல பெரிய ஸ்டார் பேப் ரூத்துக்கு மட்டும் நாலு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் போமன் கம்பெனி, 1952-ல டாப்ஸ் கம்பெனியோட பெரிய செட், 1956-ல டாப்ஸ் போமனையே வாங்கிடுச்சு, 1981-ல ஃப்ளீரும் டான்ரஸும் உள்ள வர்ற வரைக்கும் பெரும்பாலும் டாப்ஸ் ராஜ்ஜியம்தான். பொதுவா 1980-க்கு முந்தினதைத்தான் விண்டேஜ்னு சொல்றாங்க.

யாராவது உங்ககிட்ட "முப்பது வருஷப் பழசு, டப்பா டப்பாவா வச்சிருக்கேன்"னு சொன்னா அவசரப்படாதீங்க. 1987-ல இருந்து 93 வாக்குல அச்சடிச்சது கணக்கு வழக்கே இல்ல, எல்லாரும் பின்னாடி விலை ஏறும்னு பத்திரமா வேற எடுத்து வச்சாங்க, அதனால பெரும்பாலானதுக்கு மதிப்பு கிடையாது.

படி 2: திருப்பிப் பாருங்க, அளவெடுங்க

முன்பக்கத்துப் படத்தை விட பின்பக்கம்தான் உங்களுக்கு விவரம் சொல்லும். கார்டு நம்பர் அங்கதான் இருக்கும். வருஷம் தெரியலைன்னா ஸ்டாட்ஸ்ல, அதாவது ப்ளேயரோட வருஷவாரி ஆட்டக் கணக்குல, கடைசி வரி எந்த வருஷம்னு பாருங்க, அதோட ஒண்ணைக் கூட்டிக்குங்க. கடைசி வரி 1962-ன்னா கார்டு அனேகமா 1963. டி206 மாதிரி சிகரெட் கார்டுல பின்னாடி இருக்குற விளம்பரமே விலையை மாத்தும். முன்னாடி அதே ப்ளேயர், அதே படம், பின்னாடி பீட்மாண்ட், ஸ்வீட் கப்போரல்ங்கற சிகரெட் பிராண்டு இருந்தா சாதாரணம், டிரம்ங்கற பிராண்டு இருந்தா பல மடங்கு.

அடுத்து ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்க. 1957-ல இருந்துதான் டாப்ஸ் இப்ப இருக்குற இரண்டரைக்கு மூணரை இன்ச் அளவுக்கு வந்தது. 1952 டாப்ஸ் அதை விடப் பெருசு, 2 5/8-க்கு 3 3/4 இன்ச். 1983-ல டாப்ஸே அந்த 1952 செட்டைத் திரும்ப அச்சடிச்சு வித்தாங்க, அது இரண்டரைக்கு மூணரை சைஸ், பின்னாடி ரீபிரின்ட்னும் போட்டிருக்கும். தாத்தா பெட்டியில கிடைச்சதுன்னு சொல்லி வர்ற 1952 மிக்கி மேன்டில் கார்டுல (அந்த செட்டோட பெரிய ஸ்டார் அவர்தான்) எத்தனையோ இந்த ஸ்கேல் வச்ச உடனே முடிவு தெரிஞ்சுடும்.

படி 3: அசலா, நகலா

இதுக்கு ஒரு 10எக்ஸ் லென்ஸ் வேணும், நகைக்கடையில கல்லுக்குக் குறை பாக்குறாங்களே அந்தக் குட்டி லென்ஸ்தான். நீங்க இந்த ஹாபிக்கு வாங்குற முதல் பொருள் கார்டா இருக்கக்கூடாது, இந்த லென்ஸா இருக்கணும்.

நான் இது இல்லாமப் போய் மாட்டின கதையைச் சொல்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரு பெரியவர் மேசையில 1933 கவுடி பேப் ரூத், அந்த மஞ்சள் பின்னணி 53-ம் நம்பர், மூலையெல்லாம் தேஞ்சு, நடுவுல ஒரு மடிப்பு, பழுப்பேறி, பாத்தாலே தொண்ணூறு வருஷப் பழசுன்னு சத்தியம் பண்ணலாம் போல இருந்தது. 200 டாலர் சொன்னார், குடுத்துட்டு ஓடி வந்துட்டேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்துல வச்சு விரலால தடவுறேன், அந்த மடிப்பு விரலுக்குத் தட்டவே இல்ல. வழவழன்னு இருக்கு. மடிப்பு, கறை, தேஞ்ச மூலை எல்லாமே அச்சு! ஒரு பழைய கார்டை ஃபோட்டோ எடுத்து அதை அப்படியே பிரிண்ட் போட்டிருக்காங்க. நிஜ 53-ம் நம்பர் ரூத் எவ்வளவு அடிபட்டிருந்தாலும் 200 டாலருக்குக் கிடைக்கவே கிடைக்காது, அந்த ஒண்ணே எனக்கு உறைச்சிருக்கணும். அந்தக் கார்டை இன்னும் வச்சிருக்கேன், புதுசா வர்றவங்களுக்குக் காட்ட அதை விட நல்ல பாடம் இல்ல.

லென்ஸ் வச்சு எங்க பாக்கணும்னா, பேர் எழுத்தையும் பார்டர் கோட்டையும் பாருங்க. அசல்ல எழுத்து ஒரே இங்க்ல முழுசா, ஓரம் கூர்மையா விழுந்திருக்கும், படம் மட்டும்தான் புள்ளி புள்ளியா இருக்கும். நகல்ல எழுத்தும் புள்ளி, கோடும் புள்ளி, ஏன்னா எல்லாத்தையும் சேத்து ஒரே ஃபோட்டோவா எடுத்து அடிச்சது. உறுதியா அசல்னு தெரிஞ்ச ஒரு கார்டை, அதே செட்ல இருந்து மலிவான ஒண்ணு போதும், பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க.

இன்னொரு சின்ன சோதனை, அந்த நீல வெளிச்சம் வர்ற யூவி டார்ச். போருக்கு முந்தின அட்டையில வெளுப்புக்கான கெமிக்கல் கலக்க மாட்டாங்க, அதனால இருட்டுல டார்ச் அடிச்சா மங்கலா இருக்கும். பளிச்சுன்னு வெள்ளை நீலமா மின்னுச்சுன்னா அது பிந்தின காலத்துப் பேப்பர்.

படி 4: கண்டிஷன்

இங்கதான் நிதானமா நிக்கணும். எடுத்துக்காட்டுக்கு என் மேசையில இருக்குற ஒரு 1963 டாப்ஸ் கார்டையே எடுத்துக்குறேன். பெரிய ஸ்டார் இல்ல, காமன்னு சொல்ற சாதாரண ப்ளேயர். இந்த வருஷத்துக் கார்டுல அடியில ஒரு கலர் பட்டை ஓரம் வரைக்கும் ஓடும், ஒரு மூலையில வட்டத்துக்குள்ள சின்னதா கறுப்பு வெள்ளைப் படம். தூரத்துல இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கு.

முதல்ல சென்ட்டரிங், அதாவது படம் நடுவுல உக்காந்திருக்கான்னு பாக்குறது. இடது பார்டர் 3 மில்லிமீட்டர், வலது 2, கூட்டினா 5, அதுல 3-ங்கறது 60 சதவீதம், அப்ப இது 60/40. மேல கீழயும் இப்படித்தான் அளக்கணும், ஆனா இந்த 1963-ல கீழ பட்டை ஓடுறதால மேல் பார்டரை மட்டும் கண்ணால மதிப்புப் போட்டுக்குறேன். அடுத்து மூலை, நாலையும் லென்ஸ்ல தனித்தனியா பாக்கணும். மூணு கூர்மை, கீழ வலது மூலையில நார் பிரிஞ்சு வெள்ளையா தெரியுது, கலர் பட்டைங்கறதால அந்த வெள்ளை இன்னும் துருத்திக்கிட்டு நிக்குது. இதே காரணத்துக்குத்தான் 1971 டாப்ஸ், கறுப்பு பார்டர் வச்சது, நல்ல கண்டிஷன்ல கிடைக்கறது அவ்வளவு கஷ்டம், லேசா உரசினாலே வெள்ளை தெரிஞ்சுடும். அப்புறம் கார்டை டேபிள் லேம்ப் பக்கம் கொண்டு போய் சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க, நேரா பாத்தா தெரியாத மடிப்பு சாய்ச்சா ஒரு மயிரிழை மாதிரி மின்னும். என் கார்டுல பின்பக்கம் ஒரு அரை இன்ச் மடிப்பு அப்படித்தான் தெரிஞ்சது, வாங்கி ரெண்டு வாரம் கழிச்சு. அந்த ஒரு மடிப்பு, புதுசு மாதிரி தெரிஞ்ச கார்டைப் கண்டிஷனுக்குப் போடுற மார்க்குல பத்துக்கு நாலு, அஞ்சுக்குத் தள்ளிடும். பின்னாடி பபிள்கம் கறை, மெழுகுக் கறை, பேனாக் கிறுக்கல் இருக்கான்னும் பாத்துடுங்க.

ஓரத்தை வெட்டியிருக்காங்களாங்கறதையும் கட்டாயம் பாக்கணும். தேஞ்ச மூலையைக் கூர்மையாக்க ஓரத்தை ஒரு இழை சீவிடுவாங்க. இது சின்ன ஆளுங்க வேலைன்னு நினைக்காதீங்க. உலகத்துலயே பேர் போன கார்டு, டி206 ஹோனஸ் வாக்னர், ஹாக்கி ப்ளேயர் வேன் கிரெட்ஸ்கி ஒரு காலத்துல வச்சிருந்தது, கண்டிஷனைப் பாத்து கிரேடு, அதாவது பத்துக்கு இத்தனைன்னு மார்க், போடுற பிஎஸ்ஏ கம்பெனி கிரேடு போட்ட முதல் கார்டே அதுதான், பத்துக்கு எட்டு குடுத்தாங்க, 2007-ல 28 லட்சம் டாலருக்குப் போச்சு. அதோட ஓரத்தை வெட்டினது நான்தான்னு ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல கோர்ட்டுல ஒத்துக்கிட்டார். அதனால பழைய கார்டுல மூணு பக்கம் லேசா தேஞ்சு ஒரு பக்கம் மட்டும் கத்தி மாதிரி இருந்தா நிறுத்துங்க, அளவெடுங்க, அதே செட் கார்டு மேல வச்சுப் பாருங்க.

படி 5: இப்ப விலை

ஈபேல தேடினதும் வர்றது கேக்குற விலை. அதைக் கண்ணால கூடப் பாக்காதீங்க, ஃபில்டர்ல போய் வித்த ஐட்டம் மட்டும்னு போடுங்க. அதே வருஷம், அதே நம்பர், அதே கிரேடு. கடைசி மூணு மாசத்துல அஞ்சு வித்திருந்தா ரொம்ப அதிகமானதையும் ரொம்பக் குறைஞ்சதையும் தள்ளிட்டு நடுவுல இருக்குற மூணைப் பாருங்க, அதுதான் இன்னிக்கு மதிப்பு. விலையில குறுக்கக் கோடு போட்டிருந்தா பேரம் பேசிக் கம்மிக்கு வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம், அந்தக் கோடு போட்ட தொகையைக் கணக்குல எடுக்கக்கூடாது. நீங்க விக்கப் போறீங்கன்னா ஃபீஸ் ஒரு பதிமூணு சதவீதம் சுமாருக்குப் போயிடும், அதையும் கழிச்சுக்குங்க.

கிரேடு எவ்வளவு வித்தியாசம் பண்ணும்ங்கறதுக்கு 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில், 311-ம் நம்பரைப் பாருங்க. எஸ்ஜிசிங்கற இன்னொரு கிரேடிங் கம்பெனி 9.5 கிரேடு போட்ட ஒண்ணு 2022 ஆகஸ்ட்ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அதே கார்டு, மடிஞ்சு கசங்கி கிரேடு 1 வாங்கினது, பல்லாயிரம் டாலரோட நின்னுடும்.

இந்தக் கார்டு ஏன் இவ்வளவு விலைன்னு கேட்டா எல்லாரும் சொல்றது அந்தக் கடல் கதை. 1952 செட்டோட கடைசி சீரிஸ், அதாவது கடைசிப் பகுதி, 311-ல இருந்து 407 வரைக்கும், சீசன் முடியுற நேரத்துல வந்தது, பசங்க ஃபுட்பாலுக்குப் போயிட்டாங்க, கடைக்காரங்க வாங்கல. மிச்சம் வருஷக்கணக்கா குடோன்ல கிடந்து, 1960-ல பார்ஜ்ல ஏத்தி அட்லாண்டிக்ல கொட்டினோம்னு அந்த செட்டை டிசைன் பண்ண சை பெர்கரே சொல்லியிருக்கார். சரி, ஆனா மேன்டில் அந்த சீரிஸ்ல ரெண்டு மடங்கு அச்சடிச்ச மூணு கார்டுல ஒண்ணு. அதே சீரிஸ்ல அதை விட அரிதான கார்டெல்லாம் அதுல ஒரு சின்னப் பங்கு விலைக்குக் கிடைக்குது. அது மேன்டிலோட ரூக்கி கார்டு, அதாவது முதல் கார்டு, கூட இல்ல, ரூக்கி 1951 போமன் 253. அரிதா இருக்குறது ஒரு பக்கம், எத்தனை பேருக்கு அது வேணும்ங்கறது இன்னொரு பக்கம், விலையை ரெண்டும் சேந்துதான் முடிவு பண்ணுது.

கிரேடிங்குக்கு எப்ப அனுப்பலாம்? கிரேடிங் கூலி, போக வர தபால், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டுங்க. கிரேடு போட்ட அப்புறம் கிடைக்கப் போற விலையில இருந்து இப்ப சும்மா வித்தா கிடைக்குற விலையைக் கழிங்க. செலவு இதை விட அதிகம்னா அனுப்பாதீங்க. கிரேடு நீங்க நினைக்கறதை விட ஒண்ணு கம்மியா வரும்னு வச்சே கணக்குப் போடுங்க.

படி 6: எதை முதல்ல வாங்குறது

1960-கள்ல ஒரு வருஷத்து டாப்ஸ் செட்டைப் பிடிச்சுக்குங்க, டிசைன் பிடிச்சதா இருந்தா போதும். அதுல கொஞ்சம் தேஞ்ச காமன் கார்டு ஒண்ணு ரெண்டு டாலருக்குக் கிடைக்கும், இருபது முப்பது வாங்கிக் கையில எடுத்துப் பாருங்க. அட்டையோட கனம், வாசனை, பின்பக்கத்து நிறம் எல்லாம் விரலுக்குப் பழகிடும், அதுக்கப்புறம் நகல் கைக்கு வந்தா ஏதோ சரியில்லைன்னு உடனே தோணும். ஊர்ல கார்டு ஷோ நடந்தா போங்க, மேசை மேசையா நின்னு பாத்தாலே பாதி படிப்பு. பெரிய ஸ்டார் கார்டு வாங்குற அளவுக்கு வந்துட்டா, முதல் ரெண்டு மூணை பிஎஸ்ஏ, எஸ்ஜிசி மாதிரி கம்பெனி கிரேடு போட்டு சீல் பண்ணதாவே வாங்குங்க, டப்பா மேல இருக்குற நம்பரை அந்தக் கம்பெனி சைட்ல போட்டு சரிபாத்துட்டு.

படி 7: வச்சுக்கிறது

மெல்லிசான பென்னி ஸ்லீவ்ங்கற பிளாஸ்டிக் உறையில போட்டு அதை டாப்லோடர்ங்கற கெட்டியான பிளாஸ்டிக் உறையில செருகுங்க, அவ்வளவுதான், சில்லறைக் காசு செலவு. பிவிசி ஆல்பம் வேண்டாம், பரண் வேண்டாம், ஈரம் ஏறுற பேஸ்மென்ட் வேண்டாம். துடைக்கிறது, ரப்பர் வச்சு அழிக்கிறது, கலர் பேனாவால ஓரத்தைத் தொட்டு விடுறது எதுவும் கூடாது. ரப்பர் பேண்டும் கூடவே கூடாது. 1952 டாப்ஸ்ல முதல் நம்பர் ஆண்டி பாஃப்கோ, பெரிய ஸ்டார் கிடையாது, ஆனா நல்ல கண்டிஷன்ல இருந்தா பெரிய விலை, ஏன்னா பசங்க நம்பர் வரிசையா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டப்ப மேல இருந்து அடி வாங்கினது அவர்தான்.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஆரம்பிச்சு வருஷம், நம்பர், எங்க வாங்கினது, எவ்வளவு குடுத்ததுன்னு போட்டு வைங்க, கடைசியில ஒரு கட்டம் விட்டு, லென்ஸ்ல பாத்தப்ப என்ன தெரிஞ்சதுன்னு உங்க வார்த்தையில எழுதுங்க. என்னோட 1963 கார்டுக்கு நேரா "பின்பக்கம் அரை இன்ச் மடிப்பு, சாய்ச்சாதான் தெரியும்"னு இருக்கு.