பயாப்ஸி டப்பா கைக்கு வந்தால் என்ன செய்வது, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

தியேட்டர் வாசலில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் ஒரு ஃபாரத்தையும் கையில் கொடுத்து, "இதை லேபில் கொடுத்துட்டு வாங்க" என்பார். நம் ஊரில் நிறைய பயாப்ஸிகள் இப்படித்தான் எங்களிடம் வந்து சேருகின்றன. நான் பேத்தாலஜி லேபில் டெக்னீசியன். டப்பாவோடு வருபவர்களிடம் கவுண்டரில் நின்றபடி சொல்ல நேரமில்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில், உள்ளே இருப்பது ஃபார்மலினா, அதாவது சதை கெடாமல் காக்கும் மருந்துத் தண்ணீரா என்று நர்ஸிடமே கேட்டுவிடுங்கள். திறந்து முகர வேண்டாம், கண்ணும் மூக்கும் எரியும். சதை அதில் முழுசாக முங்கியிருக்க வேண்டும், சதையைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருந்தால் நல்லது. ஃபிரிட்ஜ் தேவையில்லை. ஒருமுறை ஒருவர் தன் அம்மாவின் மார்பிலிருந்து ஊசியில் எடுத்த சதையை, சலைனில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், கெட்டுப் போய்விடக் கூடாதே என்று ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வைத்து மறுநாள் பஸ்ஸில் கொண்டு வந்தார். உறைந்த தண்ணீர் செல்களைக் கிழித்துவிட்டது, ஸ்லைடில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்ததுதான் மிச்சம். பாவம், அந்த அம்மாவுக்கு மறுபடியும் ஊசி. (ஆபரேஷன் நடக்கும்போதே முடிவு கேட்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் வேறு கதை, அதற்கு ஃபார்மலின் கூடாது, ஆஸ்பத்திரி ஆட்களே ஓடி வருவார்கள்.)

அடுத்தது ஃபாரம். பெயர், வயது, இடமா வலமா, எந்த இடத்துச் சதை, முன்னால் கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்திருக்கிறதா, இதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், காலியாக இருந்தால் அங்கேயே நிரப்பச் சொல்லுங்கள். கதிர்வீச்சு பட்ட நல்ல செல்லும் கோணல்மாணலாகி, புற்று மாதிரியே ஏமாற்றும். எலும்பு என்றால் எக்ஸ்ரேயும் கண்டிப்பாக வேண்டும், முறிந்து கூடிக்கொண்டிருக்கும் எலும்பும் எலும்புப் புற்றும் மைக்ராஸ்கோப்பில் சில சமயம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள் என்று தினமும் யாராவது சண்டைக்கு வருவார்கள். மார்பகச் சதை ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. அப்புறம் மெஷினில் ஆல்கஹால், ஸைலீன், உருகிய மெழுகு என்று வழக்கமாக ஒரு ராத்திரி போகும். காலையில் அதை மெழுகுக் கட்டியாக்கி, அதைத்தான் பிளாக் என்கிறோம், 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவுவோம். தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீவல் ரிப்பன் போல வரும், வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டுக் கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றினால் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் ரோஸாகவும் தெரியும்.

ஸ்லைடைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர், பேத்தாலஜிஸ்ட், எடுத்தவுடன் பெரிதாக்கிப் பார்க்க மாட்டார். சின்ன லென்ஸில் மொத்த வயலையும் பார்ப்பார். வரப்புக்குள் தண்ணீர் நிற்கிறதா, வரப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. பால் குழாயின் சுவருக்குள்ளேயே நின்றால் 'இன் சிட்டு', உடைத்து வெளியே வந்தால் 'இன்வேஸிவ்'. சந்தேகம் இருந்தால் அந்தச் சுவரின் செல்களுக்கு மட்டும் ஐஎச்சி என்ற தனிச் சாயம் போடச் சொல்வார், பழுப்பாக ஏறும்.

ரிப்போர்ட் வந்ததும் கட்டி இத்தனை சென்டிமீட்டர், சாம்பல் வெள்ளை நிறம் என்று ஆரம்பிக்கும் பகுதியில் மாட்டிக்கொள்ளாதீர்கள், நேராக 'இம்ப்ரெஷன்' என்ற இடத்துக்குப் போங்கள். 'சஸ்பீஷியஸ்' என்றிருந்தால் இன்னும் முடிவாகவில்லை, அடுத்து என்ன டெஸ்ட் என்று கேளுங்கள். கிரேடு 3 என்றதும் மூன்றாம் ஸ்டேஜ் என்று அழுதுகொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிரேடு என்பது செல்லின் முரட்டுத்தனம். மார்பகப் புற்றில் மூன்று விஷயங்களுக்குத் தலா 1 முதல் 3 மார்க் போட்டுக் கூட்டுவார்கள், 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. எவ்வளவு தூரம் பரவியது என்பதுதான் ஸ்டேஜ்.

'நெகட்டிவ்' என்ற வார்த்தையும் ஆளைக் குழப்பும். மார்ஜின் நெகட்டிவ் என்றால் வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, நல்ல செய்தி. ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி, ஈஆர் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்காத கட்டி, அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நெறிக்கட்டி 2/14 என்றால் பதினான்கைப் பார்த்ததில் இரண்டில் புற்று இருக்கிறது. ஹெர்-2 (புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) என்ற இடத்தில் 2+ இருந்தால் அது நடுவில் நிற்கிறது, ஃபிஷ் என்ற ஜீன் டெஸ்ட் செய்துதான் ஹெர்-2வைக் குறிவைக்கும் விலை கூடிய ஊசி தேவையா என்று முடிவு செய்வார்கள்.

வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா, பேப்பரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் திரும்பப் பார்க்க ஸ்லைடும் பிளாக்கும் கேட்பார்கள். எங்களிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். ஸ்லைடை நியூஸ் பேப்பரில் சுருட்டாமல் அதற்கான பெட்டியில் வையுங்கள். பிளாக்கைச் சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் போட்டுவிடாதீர்கள், அது மெழுகு.